மாப்பிள்ளை கையில் பந்து

எங்கள் மச்சான் செங்கோட்டையன் இருபது வருடம் எருத்தேன்பதி கிரிக்கெட் டீமுக்குக் கேப்டனாக இருந்தார். எழுநூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்திருக்கிறார். ஏழாவது ஆளாக இறங்கியே நாலாயிரம் ரன்னுக்குப் பக்கத்தில் அடித்திருக்கிறார். ஸ்கோர் புத்தகங்கள் பதினொன்றும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம், காபியும் உண்டு. ஆனால் அவர் எப்படிக் கேப்டன் ஆனார் என்பது அந்தப் புத்தகங்களில் கிடையாது. அது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவருக்கே தெரியாது. எழுபத்தெட்டாம் வருடம் தை மாதம் நான் என் நாற வாயைத் திறக்கும் வரை தெரியாமல்தான் இருந்தது.

ஐம்பத்தெட்டில் என் அக்கா பூவாத்தாளுக்கும் எலப்புள்ளிச் செங்கோட்டையனுக்கும் கல்யாணம். அந்த வருடம் ஆடி நோன்பிக்குப் புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் தலை ஆடிக்கு வரும் மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. நல்ல வேளையாகப் பெரும்பாலான மாப்பிள்ளைகள் மோதிரம், கைக்கடிகாரம் என்று ஏதாவது கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். இவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, என் அண்ணன் ரத்தினசாமியோடு கடலைக்காட்டுக்கு மேட்ச் பார்க்க வந்தார்.

அண்ணன் கோயமுத்தூரில் விவசாயக் கல்லூரியில் படித்தவர். படிப்பைவிட ஒரு மட்டையையும் கிரிக்கெட் பைத்தியத்தையும்தான் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கடலை பிடுங்கிய காட்டில் கயிற்றுப் பாயை விரித்து நான்கு பக்கமும் ஆணி அடித்து விளையாடுவார்கள். அன்றைக்குக் கொழிஞ்சாம்பாறைக்காரர்களோடு ஆட்டம். எங்கள் ஆள் ஒருவனுக்குக் காலில் முள் குத்தி உட்கார்ந்துவிட்டான். மாப்பிள்ளை கூச்சத்தோடு அண்ணனைப் பார்த்து, "நானும் ஒரு ஓவர் போட்டுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

தலை ஆடி. மாப்பிள்ளை. வாய் திறந்து கேட்டது ஒரே ஒரு பந்து. கொடுக்காமல் இருக்க முடியுமா?

அந்த ஓவரை நான் பார்த்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. நான்கு பந்து மட்டைக்காரன் ஏணி வைத்தாலும் எட்டாத இடத்தில் போனது. ஒன்று மிட்-ஆஃபில் நின்ற எங்கள் சித்தப்பாவின் முழங்காலில் பட்டது. ஓவர் முடிந்ததும் பந்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாப்பிள்ளை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் எங்கள் அப்பாவைப் பார்த்தார். அப்பா வரப்பில் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளெ கையில இருக்கறதெ எப்புடீடா வாங்கறது? போடட்டும் உடு" என்றார் அப்பா.

அன்றைக்கு மச்சான் பதினோரு ஓவர் போட்டார். நாங்கள் தோற்றோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். எங்கள் காட்டுக்குப் பக்கத்திலேயே நிலம் வாங்கி அக்காவோடு குடியும் வந்துவிட்டார். அப்புறம்தான் பெரிய சிக்கல் வந்தது. டீமில் பதினொரு பேரில் எட்டுப் பேர் எங்கள் பங்காளிகள். எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை அல்லது மச்சான். மாப்பிள்ளையைப் பார்த்து "அந்தப் பக்கம் போய் நில்" என்று எவன் சொல்வது? "பந்துக்கு ஓடு" என்று எவன் சொல்வது? அண்ணன் இரண்டு வாரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அவரையே கேப்டன் ஆக்கிவிட்டால் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அப்படித்தான் செங்கோட்டையன் கேப்டன் ஆனார். சும்மா சொல்லவில்லை, இதுதான் முழுக் காரணம்.

ஆனால் அவருக்கும் மரியாதை உண்டே. பெண் எடுத்த வீட்டாரை அவர் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. அரை டிரவுசரோடு திரிந்த என்னைக்கூட "ஆறுச்சாமி, வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். ஒரு சினேகிதனும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். அவருக்காக விக்கெட் கீப்பர் ஆனேன்.

இந்த மரியாதையே அவரைப் பௌலராக ஆக்கியது என்பது என் எண்ணம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் இடுப்பு வேட்டியைக்கூட நம்பி விட்டுவைக்காது. காற்று முதுகில் தள்ளும் முனையிலிருந்து போடுவது சுகம். எல்லோரும் அதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள். மச்சான் அந்த முனையை மச்சினன்மாருக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, முகத்தில் காற்று அறையும் முனையை எடுத்துக்கொண்டார். அவர் பந்துக்கு வேகம் என்று பெயர் வைத்தால் வேகத்துக்கே கோபம் வரும். ஆனால் எதிர்க்காற்றில் அந்தப் பந்து வருகிற மாதிரி வந்து, கொஞ்சம் தயங்கி, மட்டைக்காரன் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழும். விழுந்த பிறகு கயிற்றுப் பாயைப் பிடித்துக்கொண்டு வெளியே திரும்பும். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, தென்னை மரத்தடியில் ஒரு தேங்காய் மட்டையை வைத்து அதன்மேல் தினமும் ஐம்பது பந்து போடுவார். மூன்று வருடம் இப்படிப் போட்டார். அறுபத்திரண்டில் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அறுபத்தைந்தில் பக்கத்துச் சித்தூர்க்காரர்கள் டாஸ் ஜெயித்தால் முதலில் பேட் செய்ய யோசித்தார்கள்.

பேட்டிங்கிலும் மரியாதைதான். அதனால் வந்த வினை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுபத்தொன்றில் ஒரு மேட்ச். மச்சானும் ரத்தினசாமி அண்ணனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அந்த வயதிலேயே தொந்தியோடு இருந்தார். ஒரு ரன்னுக்கு ஓடிக் குழம்பி இரண்டு பேரும் ஒரே முனையில் போய் நின்றுவிட்டார்கள். யாராவது ஒருவர் எதிர்முனைக்கு ஓடி அவுட் ஆக வேண்டும்.

"நீங்க நில்லுங்க, நான் போறனுங்க" என்றார் மச்சான்.

"அதெப்புடி? நீங்க நில்லுங்க மாப்பிள்ளெ" என்றார் அண்ணன்.

"பெரியவங்க நீங்க இருக்கறப்ப..."

"மாப்பிள்ளெய அவுட்டாக்கிப்போட்டு நான் பூவாத்தா மூஞ்சியில எப்புடி முழிக்கறது?"

கடைசியில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எதிர்முனைக்கு ஓட ஆரம்பித்தார்கள். பந்து வைத்திருந்தவன் சிரித்த சிரிப்பில் ஸ்டம்பில் குறி தவறிவிட்டான். இரண்டு பேரும் அந்த முனைக்கும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தார்கள். அம்பயர் யாருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இன்றைக்கும் சித்தூர் பஸ்ஸில் என்னைப் பார்த்தால், "ஆறுச்சாமி, நீங்க உக்காருங்க" "இல்லீங்க, நீங்க உக்காருங்க" என்று ஆளுக்கு ஆள் கேலி செய்கிறார்கள்.

இப்படியே இருபது வருடம். மச்சானுக்கு நாற்பத்து நான்கு வயது ஆனது. இடது முழங்கால் மடங்க மறுத்தது. ஆனாலும் பந்தை எடுத்தால் அவராக வைத்தால்தான் உண்டு.

எழுபத்தெட்டு தை மாதம் ஒரு மேட்சில் அவர் விடாமல் ஒன்பது ஓவர் போட்டார். கடைசி மூன்றில் ஏகத்துக்கும் அடி. "கொஞ்சம் ஓய்வெடுங்க மச்சான்" என்று இரண்டு முறை ஜாடையாகச் சொன்னேன். "இன்னொரு ஓவர் பாக்கறனுங்க ஆறுச்சாமி" என்றார். தோற்றோம். நானும் ஒரு கேட்ச் விட்டிருந்தேன்; என்மேல் எனக்கு இருந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் அக்கா வீட்டில் காபி குடிக்க உட்கார்ந்தபோது மறுபடி ஆரம்பித்தேன். மச்சான் வழக்கம்போல அமைதியாக, "எப்ப நிறுத்தறதுன்னு கேப்டனுக்குத் தெரியுமுங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "ஆருங்க கேப்டன்? தலெ ஆடிக்கு வந்த மாப்பிள்ளெ கையில இருந்து பந்தெ வாங்க முடியலீன்னுதான இருவது வருசமா உங்களெக் கேப்டனா வெச்சிருக்கறோம்? எங்கப்பன் அன்னிக்கு வாங்கியிருந்தா ஒரே ஓவர்ல முடிஞ்சிருக்கும்!"

சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பயனில்லை. அக்கா கையில் இருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது.

மச்சான் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் நிலத்துப் பத்திரத்தில் வில்லங்கம் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

"அறுவத்தஞ்சுல காலேஜ் டீமுக்கு எதிரா எட்டு விக்கெட் எடுத்தனே, அது?"

"அது நெசந்தானுங்க மச்சான். அதுல என்ன சந்தேகம்?"

"அதுக்கு முந்தி அன்னிக்கே பன்னண்டு ஓவர் ஒரு விக்கெட்டும் இல்லாமப் போட்டேன். அப்ப ஏன் ஆரும் பந்தெ வாங்கலெ?"

எனக்குப் பதில் தெரியும். அக்காவைப் பார்த்தேன்.

"எவனுக்கு இத்தனெ ஓவர் குடுத்தாலும் விக்கெட் உளுகுமில்லீங்களா ஆறுச்சாமி" என்றார் அவர். சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். முழங்கால் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக நொண்டியது போல எனக்குத் தோன்றியது.

அக்கா என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "அவரு என்ன சொத்தெக் கேட்டாரா, சொகத்தெக் கேட்டாரா? பந்துதானடா கேட்டாரு. அதையும் பிச்செ போட்டதுன்னு சொல்லிப்போட்டியே. உன்ற வாயில ஆருடா சொல்லச் சொன்னது? நீ பேசுனதெ நீயே சரி பண்ணு. அதுவரைக்கும் இந்த ஊட்டுப் பக்கம் வராதெ."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எப்படிச் சரி பண்ணுவது? "நீங்கள் நல்ல பௌலர்தான் மச்சான்" என்று நான் போய்ச் சொன்னால், அதுவும் மாப்பிள்ளைக்குச் சொல்லும் உபசாரம் ஆகிவிடும். அண்ணன் சொன்னாலும் அதேதான். ஊரில் யார் சொன்னாலும் அதேதான். அவர் தன் இருபது வருடத்தையும் ஒவ்வொரு ஓவராகத் திருப்பிப் பார்த்து, இது மரியாதையா, அது மரியாதையா என்று சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் தென்னை மரத்தடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வருடா வருடம் மாசி மாதம் மூணாறு மலைமேல் வெள்ளிப்பாறை எஸ்டேட் டீமோடு எங்களுக்கு ஒரு மேட்ச் உண்டு. ஒரு வருடம் அவர்கள் கீழே வருவார்கள், ஒரு வருடம் நாங்கள் மேலே போவோம். அந்த வருடம் எங்கள் முறை. மச்சான் வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். வேன் கிளம்பும் முன் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்:

"இந்த மேட்சுக்கு ஆறுச்சாமி கேப்டன். என்னெ மாப்பிள்ளென்னும் மச்சான்னும் ஆரும் பாக்க வேண்டாம். போடச் சொன்னாப் போடறேன். நிறுத்தச் சொன்னா நிறுத்தறேன். ஒருக்கா மத்தவங்களெ மாதிரி ஆடிப் பாத்துப்போட்டு, அப்பறம் இருக்கறதா போறதான்னு முடிவு பண்ணிக்கறேன்."

அவர் என்ன தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று வளைந்து வளைந்து ஏறும்போது அண்ணன் மட்டும் இரண்டு தடவை ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார்.

எஸ்டேட் மைதானம் தேயிலைக்கு நடுவில், ஃபாக்டரிக்குக் கீழே இருந்தது. பந்து எல்லை தாண்டினால் தேயிலைச் செடிக்குள் குனிந்து தேட வேண்டும். ஒரு டீமுக்கு முப்பத்தைந்து ஓவர். நாங்கள் முதலில் ஆடி நூற்று நாற்பத்தொன்று எடுத்தோம். மச்சான் இருபத்தாறு. அண்ணன் அவரை ஃபீல்டில் நிற்க வைக்கிறேன் என்று என் உத்தரவை வாங்கிக்கொண்டு போய், "அந்தப் பக்கம் போ மாப்... போங்க... போ" என்று திக்கித் திணறிக் கடைசியில் தானே அந்த இடத்தில் போய் நின்றுகொண்டார்.

எஸ்டேட் பக்கம் எங்களுக்குப் பெரிய தலைவலி ராக்கப்பன். ஃபாக்டரியில் ஃபிட்டர். இஞ்சினை முறுக்குகிற கை. மட்டையையும் அப்படித்தான் முறுக்கி அடிப்பான். அன்றைக்கு நாற்பது தாண்டி ஆடிக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏற ஆரம்பித்தது. மச்சானை அந்தக் காற்றுக்கு எதிரே போடச் சொன்னேன். முன்பே இரண்டு விக்கெட் எடுத்திருந்தார். முப்பத்தோராவது ஓவரில் ராக்கப்பன் அவர் பந்தில் இரண்டு பவுண்டரி, ஒரு சிங்கிள் எடுத்தான். ஒன்பது ரன். அடுத்த ஓவர் எதிர்முனையிலிருந்து ஒரு ரன்னோடு போனது. இன்னும் மூன்று ஓவர், அவர்களுக்குப் பதினான்கு ரன் வேண்டும், கையில் இரண்டு விக்கெட். மச்சான் பந்தைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு தன் முனைக்கு நடந்தார்.

இங்கேதான் நான் சிக்கினேன். என் மனசுக்கு அவர் போட வேண்டும் என்று பட்டது. ஆனால் அது யாருடைய மனசு? கேப்டனுடையதா, மச்சினனுடையதா? வேறு எவனாவது ஒன்பது ரன் கொடுத்திருந்தால் நான் அவனை மாற்றியிருப்பேன் அல்லவா? மாற்றாமல் விட்டால், சாயங்காலம் அவர், "இன்னிக்கும் வாங்க முடியலீங்களா" என்று கேட்பாரே. அவர் கேட்டது மற்றவர்களைப் போல நடத்தச் சொல்லித்தானே.

ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து நடந்து போனேன். அத்தனை தூரம் நான் அதுவரை நடந்ததில்லை. கையை நீட்டினேன்.

"பந்தெக் குடுங்க. நாச்சிமுத்து போடட்டும். நீங்க ஃபைன் லெக்குக்குப் போங்க."

அண்ணன் வாயைப் பிளந்தபடி தலையில் கை வைத்துக்கொண்டார். இருபது வருடத்தில் அவர் கையிலிருந்து ஒருவர் பந்தை வாங்குவது அதுதான் முதல் தடவை. மச்சான் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பந்தை என் கையில் வைத்தார். நொண்டிக்கொண்டே ஃபைன் லெக்குக்குப் போனார். போகும்போது வெறுங்கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு போனார்.

பெரியப்பா மகன் நாச்சிமுத்து நீளமான ஓட்டத்துக்கு அடி அளந்துகொண்டிருந்தான். நான் என் இடத்துக்குத் திரும்பி நடந்தேன். ராக்கப்பன் எதிர்முனையில் நின்ற தன் ஆளைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் பாதி வழியில் சந்தித்தார்கள். அவன் தணிந்த குரலில்தான் சொன்னான். ஆனால் நான் அப்போது அவர்களைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

"தப்பிச்சோம்யா. அந்த மனுசன எடுத்துட்டாக. இனிப் பயமில்ல, நின்னு ஆடு."

போய் ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்தேன். பந்து கொடுத்தாயிற்று. ஓவர் ஆரம்பித்தாயிற்று. நாச்சிமுத்துவின் முதல் பந்து தேயிலைக்குள் போனது, இரண்டாவதும் போனது, மூன்றாவது நேராக ஃபாக்டரிக் கூரையில் விழுந்து டங் என்று சத்தம் கேட்டது. நான்கு, நான்கு, ஆறு. ஆட்டம் முடிந்தது.

மைதானத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மச்சான் ஒரு பெஞ்சின் ஓரத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு எதிரே உட்காராமல் தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்போது ராக்கப்பன் டீக் கிளாஸோடு நேராக என்னிடம் வந்தான்.

"நீருதான் இன்னைக்குக் கேப்டனா?"

"ஆமாங்க."

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒமக்கு? அவுகள எதுக்குய்யா மாத்துனீரு?"

"ஒம்பது ரன் குடுத்துட்டாருங்களே" என்றேன்.

"ரெண்டு பவுண்டரியும் எட்ஜுய்யா! ஸ்டம்புக்குப் பின்னால தானே நின்னீரு, காது கேக்கலயா? நான் ஒரு எடத்துக்கு அடிச்சேன், அது ஒரு எடத்துக்குப் போச்சு. அடுத்த ஓவர் அவுக போட்டிருந்தா நான் அவுட்டு. எனக்கே தெரியும். ஏழு வருசம் அவுகளுக்கு எதிரா ஆடிருக்கேன், அஞ்சு தடவ என்னை எடுத்திருக்காக. மாசி பொறந்தாலே, எருத்தேன்பதி அண்ணாச்சி வாராகன்னு எனக்கு வயித்தக் கலக்கும். எங்க வீட்டுக்காரி சாந்தம்மாகிட்ட வேணும்னா கேட்டுப் பாரும். அந்த ஆள் கையில பந்து இருக்க வரைக்கும் நான் கண்ணச் சிமிட்ட மாட்டேன். நீரு என்னடான்னா வாங்கி இன்னொருத்தங்கிட்டக் குடுக்கீரு!"

அவன் சத்தமாகப் பேசுகிறவன். கொட்டகை முழுவதும் கேட்டது. ராக்கப்பன் எங்களுக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. எங்கள் ஊர் ஆடி நோன்பியை அவன் கண்டதும் இல்லை. அவனுக்கு எங்கள் மச்சானிடம் இருந்தது மரியாதை இல்லை, சுத்தமான பயம். பேசி முடித்துவிட்டு இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் மெதுவாகத் திரும்பி பெஞ்சைப் பார்த்தேன். மச்சான் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. இருபது வருடம் என்னை வாங்க போங்க என்று கூப்பிட்ட மனிதர் என் முன்னால் வந்து நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"ஏண்டா, அறிவிருக்குதாடா உனக்கு?"

நாச்சிமுத்து பன்னை வாயில் வைத்தபடி நின்றான்.

"காத்து என்ற மூஞ்சிக்கு நேரா அடிக்குது. அவன் எட்ஜு வாங்கீட்டு முழிச்சிட்டு நிக்கறான். இப்பப் போயி என்னெ மாத்தறயேடா! கேப்டனாடா நீ? மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லெ! அடுத்த ஓவர் மூணாவது பந்துல அவனெ எடுத்திருப்பேன். சிலிப்புல ஒருத்தனெ நிறுத்தியிருந்தா மொதப் பந்துலயே எடுத்திருப்பேன். சிலிப்புல ஆருடா நிக்கறது? ஏண்டா ஆளு நிறுத்தலெ?"

அண்ணன் பதறிக்கொண்டு வந்து, "உடுங்க மாப்பிள்ளெ, சின்னப் பையன்..." என்றார். எனக்கு முப்பத்திரண்டு வயது.

"நீங்க சும்மா இருங்க!" என்றார் மச்சான் அவரையும். அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெண் எடுத்த வீட்டாரில் மூத்தவரை மச்சான் அதட்டினார் என்று ஊரில் போய்ச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

எனக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. வாயைத் திறந்தால் இரண்டில் எது வெளியே வரும் என்று தெரியாததால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. இன்னும் திட்டுங்கள் மச்சான் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவரும் குறை வைக்கவில்லை. வேனில் ஏறும்போது திட்டினார். மறையூர் வரை திட்டினார். சின்னாற்றில் யானை ஏதோ ரோட்டோரம் நிற்கிறது என்று டிரைவர் வண்டியை நிறுத்தி எல்லோரையும் மூச்சுவிடாமல் இருக்கச் சொன்னார். அப்போதும் மச்சான் என் காதருகே குனிந்து கிசுகிசுப்பாகத் திட்டினார். எழுபத்து மூன்றில் நான் விட்ட ஒரு கேட்ச், எழுபத்தாறில் நான் தவறவிட்ட ஒரு ஸ்டம்பிங், எல்லாம் வரிசையாக வந்தன. இருபது வருடமாக இந்த மனிதர் இத்தனையையும் மரியாதைக்காக வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

உடுமலையில் டீக்கடை முன்னால் வண்டி நின்றது. இருட்டிவிட்டது. நான் அவருக்கு டீ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஊதி ஊதிக் குடித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அடுத்த வருசம் அவனுக கீழெ வருவானுக. ராக்கப்பனுக்கு மொத ஓவரே நான்தான் போடுவேன்."

"போடுங்க மச்சான்" என்றேன். "பந்து உங்க கையிலதான். ஆரும் வாங்க மாட்டாங்க."

அவர் கிளாஸைக் கீழே இறக்கிவிட்டு என்னை முறைத்தார்.

"மச்சானாவது மண்ணாங்கட்டியாவது. நல்லாப் போட்டாக் குடு. இல்லீன்னாப் புடுங்கீரு."

சரி என்று தலையாட்டினேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, சிலிப்பில் ஏன் ஆள் நிறுத்தவில்லை என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.